பிளேன்காரரின் கையெழுத்து

அவர் செத்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. அவர்மேல் எனக்கிருந்த கோபம் மட்டும் இன்னும் தணியவில்லை.

மடுல்கெல்லைக்குக் கீழே, ஓடையோரத்துத் தகரக் கொட்டிலில் தனியாகக் கிடந்துதான் செத்தார். மரணத்தைப் பதியப் போனவள் நான். பதிவாளர் நல்ல மனிதர். பெயர், வயது, தொழில் என்று கேட்டு எழுதிக்கொண்டே வந்தவர், எந்த நாட்டுக்காரர் என்று எழுத வேண்டிய இடத்தில் பேனையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"இந்தியாவா மிஸ்?"

"இல்லை."

"அப்ப இலங்கை?"

"அதுவும் இல்லை."

அந்த இடத்தில் ஒரு கோடு இழுத்தார். தொழில் என்ற இடத்தில் மரக்கறிச் செய்கை என்று போட்டிருந்தார். விமானத் திருத்துநர் என்றும் சேர்த்து எழுதுங்கள் என்றேன். கடைசியாகச் செய்த தொழிலை மட்டும்தான் எழுதலாம் என்று சொல்லிவிட்டார்.

தோட்டத்தில் அவரை எல்லோரும் பிளேன்காரர் என்றுதான் சொல்வார்கள். இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஆகாய விமானங்களுக்கு இஞ்சின் பார்த்தவர் என்பதால் வந்த பெயர். புதிதாக வருகிறவர்கள் அவர் எங்கோ பால் சேர்க்காத பிளேன்டீ விற்கிற கடை வைத்திருந்தவர் என்று நினைத்துக்கொள்வார்கள். வேறு யாரும் திருத்தமாட்டார்கள். அவர் காதில் விழுந்தால் அந்த இடத்திலேயே திருத்துவார். சின்னப் பிழை, பெரிய பிழை என்ற பிரிவே அவரிடம் கிடையாது. நெற்றி சுருங்கும், கழுத்து நரம்பு புடைக்கும், குரல் மட்டும் உயராது. சத்தம் போடாமல் அத்தனை கோபப்படுகிற மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

முதலில் அந்தக் கோபம் என்மேல்தான் பாய்ந்தது. நான் தோட்டப் பாடசாலைக்கு வந்து இரண்டு மாதம் ஆகியிருக்கும். எனக்கு இருபத்தொரு வயது. ஒற்றை அறை, ஐந்து வகுப்பு, ஆசிரியை நான் ஒருத்தி. வரவு குறைந்தால் பாடசாலையை மூடிவிடுவார்கள் என்று தோட்டத்துக் கந்தோரில், ஆபீஸ்காரர்கள் சொல்லி வைத்திருந்தார்கள். அதனால் வராத பிள்ளைகளுக்கும் வந்ததாக வரவு இடாப்பில் குறித்துவிடுவேன். எனக்கு முன்னிருந்தவரும் அப்படித்தான் செய்திருந்தார்.

மழை பெய்த ஒரு காலையில் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார். கையெல்லாம் மண்.

"டீச்சர், வெள்ளிக்கெழம எம் மக பள்ளிக்கூடம் வந்தாளா?"

இடாப்பைப் பார்த்துவிட்டு, "வந்தாளே" என்றேன்.

"அவ அன்னிக்கிக் காய்ச்சல்ல எம் மடியில கெடந்தா."

இடாப்பை மூடினேன். "அதனால என்னங்க, உங்க புள்ளைக்கு நல்லதுதானே" என்றேன்.

"வராத புள்ளய வந்துச்சின்னு எழுதுற ஆளு, நாளைக்கி வந்த புள்ளய வரலன்னும் எழுதலாம் டீச்சர்."

நான் அதை அடித்துத் திருத்தும்வரை நின்றார். திருத்திய பிறகும் போகவில்லை. "பக்கத்துல கையெழுத்துப் போடுங்க. திருத்தினது யாருன்னு தெரியணும்ல." நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் போட்டேன். அன்று பின்னேரம் ஆத்திரத்தில் அழுதேன். அதற்குப் பிறகு பொய் வரவு போட்டதில்லை. அவரால் எனக்கு வந்த நல்ல பழக்கம் என்று இதைச் சொல்ல மாட்டேன். அடுத்த மாதமே கந்தோருக்குக் கூப்பிட்டு, பிள்ளைகளை வரவைக்கத் தெரியாதவள் என்று என்னைத் திட்டினார்கள்.

அவருடைய மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அந்த ஓடையோரத்துக்கு அவர்கள் வந்த கதையை அக்காதான் சொன்னார்.

யுத்தத்துக்கு முந்தியே அவர் தேயிலைத் தொழிற்சாலையின் இஞ்சின் அறையில் வேலை பார்த்தவர். இஞ்சின் தெரிந்த ஆட்களைத் தேடிப் படைக்காரர்கள் வந்தபோது போய்ச் சேர்ந்தார். முதலில் திருகோணமலை விமானத் தளம், பிறகு அசாம், அங்கிருந்து பர்மா எல்லை. யுத்தம் முடிந்து வந்ததும் பழைய இஞ்சின் அறையிலேயே எடுத்துக்கொண்டார்கள். அங்கே ஒரு புத்தகம் உண்டு. பெல்ட், கப்பி, எண்ணெய் எல்லாம் பார்த்தாயிற்று என்று ஒவ்வொரு நாள் காலையிலும் கையெழுத்து வைக்க வேண்டும். ஒரு முறை தகப்பனாரின் சாவுக்காக ஒரு வாரம் லீவில் இருந்தார். திரும்பி வந்தபோது அந்த ஏழு நாளும் வெறுமையாகக் கிடந்தன. மறுநாள் கொழும்பிலிருந்து ஆள் வந்து புத்தகத்தைப் பார்க்கப் போகிறார் என்று, ஏழு நாளுக்கும் சேர்த்துப் போடச் சொன்னார்கள்.

"நான் பாக்காத பெல்ட்டுக்கு நான் எப்படிப் போடுறது?" என்றாராம்.

தோட்டத்துத் துரை வரைக்கும் போனது. துரைக்கும் அதே பதில். செக்ரோல் என்ற வேலையாள் பட்டியலிலிருந்து பெயரை வெட்டினார்கள், குடியிருந்த லயத்துக் காம்பராவைக் காலி பண்ணச் சொன்னார்கள்.

"ஒத்தக் கையெழுத்து டீச்சர். ஒரு வீடு போச்சி" என்றார் அக்கா. அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னார். புகையாலா வேறெதனாலா தெரியவில்லை, கண் சிவந்திருந்தது.

இது கதையாக இருந்தால் அந்தப் பெல்ட் அறுந்து யாருக்காவது அடிபட்டிருக்க வேண்டும், ஊரே அவரிடம் வந்து நீங்கள் சொன்னது சரி என்று சொல்லியிருக்க வேண்டும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பெல்ட் இன்னும் ஏழெட்டு வருஷம் நன்றாகவே ஓடியது.

அவருக்குள் ஏதோ ஒரு பெரிய குற்ற உணர்ச்சி இருக்கிறது, யுத்தத்தில் பார்க்காமல் கையெழுத்துப் போட்டு யாரையோ சாகக் கொடுத்திருக்கிறார் என்று தோட்டத்தில் ஒரு பேச்சு இருந்தது. நானும் நம்பினேன். ஒரு நாள் கேட்டே விட்டேன். என்னை அற்பமாகப் பார்த்தார்.

"நான் கையெழுத்துப் போட்டு ஏறுன பிளேன் ஒண்ணுகூட இஞ்சின் கோளாறுல வுழல. சுட்டு வுழுந்தது வேற. அதுக்கு நான் பொறுப்பில்ல."

பிறகு, அபூர்வமாக, தானாகவே மேலே சொன்னார். "ஒவ்வொரு பிளேனுக்கும் ஒரு தாளு உண்டு டீச்சர். அதுல நான் போட்டாதான் அந்தப் பையன் ஏறுவான். வெள்ளக்காரப் பையன், இருவது வயசு இருக்கும். அவன் பேசுறது எனக்குப் பாதி வெளங்காது. நான் பேசுறது அவனுக்கு ஒண்ணுமே வெளங்காது. தாளப் பாப்பான், எங் கையெழுத்தப் பாப்பான், ஏறிருவான். அவ்வளவுதான்."

அதைச் சொன்னபோது மட்டும் அவர் நெற்றி சுருங்கியிருக்கவில்லை.

விவசாயத்திலும் அதே ஆள்தான். ஓடைக்கு மேலே புதரும் கல்லுமாகக் கிடந்த அரசாங்கச் சரிவைக் கையாலேயே வெட்டித் திருத்தி, போஞ்சி, கோவா, தக்காளி என்று மரக்கறி வைத்திருந்தார். போஞ்சிக் கம்புகள் நூல் பிடித்த மாதிரி நிற்கும். காலையில் கண்ணால் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வருகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. செடி செடியாக இலையைப் புரட்டி, கம்பு கம்பாக அசைத்துப் பார்ப்பார். காட்டுப்பன்றி வராமலிருக்க முள்வேலியும் ஒரு படலையும் போட்டிருந்தார். நான் அங்கே போய்த் திரும்பும்போதெல்லாம் பின்னாலிருந்து குரல் வரும்.

"டீச்சர், சாத்துனீங்களா, சாத்துன மாதிரி வெச்சீங்களா?"

நான் திரும்பிப் போய்ப் பார்ப்பேன். பெரும்பாலும் சாத்தின மாதிரிதான் வைத்திருப்பேன்.

இலங்கைக்குச் சுதந்திரம் வந்த கையோடு, இந்திய வம்சம் என்று சொல்லி எங்கள் தோட்டத்து ஆட்களின் வாக்குரிமையும் பிரஜாவுரிமையும் பறிபோயின. வேண்டுமென்றால் விண்ணப்பியுங்கள், பார்த்துத் தருகிறோம் என்று பிறகு ஒரு சட்டம் வந்தது. பிறந்த மண்ணில் இருக்க மனுப் போட வேண்டும். கல்யாணமானவர்கள் யுத்தம் முடிவதற்கு முந்திய ஏழு வருஷமும் தொடர்ச்சியாக இங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். இடையில் ஒரே தடவையில் ஒரு வருஷத்துக்கு மேல் வெளியே இருந்திருந்தால் தொடர்ச்சி அறுந்துவிட்டதாகக் கணக்கு. பொழுது சாய்ந்தால் பாடசாலை வாசலில் கூட்டம் நிற்கும். எனக்கு ஆங்கிலம் எழுத வரும் என்பதால் ஐம்பது அறுபது குடும்பங்களுக்கு நான்தான் படிவம் நிரப்பினேன்.

அவருடைய படிவம் வந்தபோது அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "டீச்சர், அவரு பட்டாளத்துல இருந்தத எழுதாதீங்க. இங்கயே இருந்தாருன்னு போட்டுருங்க. இந்தப் பக்கம் யாரும் காட்டிக் குடுக்க மாட்டாங்க." பெரிய கங்காணியின் மருமகன் ஐந்து வருஷம் திருச்சிப் பக்கம் இருந்துவிட்டு வந்தவன். அவனுக்கு அப்படித்தான் எழுதியிருந்தேன். அவருக்கும் அப்படியே எழுதினேன்.

அவருக்கு ஆங்கிலம் பேச வராது. ஆனால் இஞ்சின் புத்தகங்களைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகியிருந்தார். ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அந்த இடத்தில் நின்றார். படிவத்தை என் மேசைமேல் திருப்பி வைத்தார்.

"வேற எழுதுங்க."

"உங்களுக்காகத்தான்..."

"எனக்காக நீங்க பொய்க் கையெழுத்துப் போடச் சொல்றீங்க. வேற எழுதுங்க."

எழுதினேன். விடுவிப்புப் பத்திரத்தையும் சேர்த்துக் கட்டினார். படையிலிருந்து விலகும்போது கொடுத்தது, பிஸ்கட் டின்னுக்குள் துணி சுற்றி வைத்திருந்தது. அதைப் பார்த்தால் அவர்களுக்கே விளங்கும் என்று மனப்பூர்வமாக நம்பினார். அந்த நம்பிக்கையை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

விசாரணைக்குக் கூப்பிடவே பல வருஷம் ஆயிற்று. கண்டிக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. அவரும் அக்காவும் நானும் முதல் பஸ்ஸில் வத்தேகம வழியாகப் போனோம். படையில் கொடுத்த காக்கிச் சட்டையைப் போட்டிருந்தார், சிரட்டைக்கரி இஸ்திரிப்பெட்டியால் தேய்த்தது. காலையிலிருந்து வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தோம். மத்தியானம் தாண்டித்தான் கூப்பிட்டார்கள்.

அதிகாரி இளவயதுக்காரர், மரியாதையாகவே பேசினார். அவருக்கு முன்னால் தோள் உயரத்துக்குக் கோப்புகள். உள்ளே இருந்த பத்திரங்களைப் புரட்ட அவருக்கு நேரமில்லை. மேலே தட்டச்சு செய்து குத்தியிருந்த ஒற்றைத் தாளை வாசித்தார். அவர் ஆங்கிலத்தில் வாசிக்க மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். மூலையில் வயதான சிங்களக் கிளாக்கர் ஒருவர் தட்டச்சு யந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பெயர், பிறந்த இடம், தகப்பன் பெயர், கல்யாணம். எல்லாம் சரியாகப் போனது.

"நாட்டுக்கு வெளியே இருந்த காலம், பதினொரு மாதம்."

மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்கு விளங்கிவிட்டது. பிளேன்காரர் வெளியே இருந்தது இரண்டு வருஷமும் பதினொரு மாதமும். இரண்டு வருஷம் தாளில் இல்லை. பதினொரு மாதம் என்றால் ஒரு வருஷத்துக்குள் அடங்கிவிடும், தொடர்ச்சி அறாது. தமிழில் சொன்னதும் அக்கா அவருடைய சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டார். நான் மேசைக்குக் கீழே அவர் காலை மிதித்தேன்.

"இல்லீங்க. பெழையா அடிச்சிருக்கு" என்றார்.

மொழிபெயர்ப்பாளர் எங்கள் ஆள். அதை மொழிபெயர்க்காமல் அவர் பக்கம் குனிந்து, "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க ஐயா" என்றார்.

"யோசிக்கிறதுக்கு என்னா இருக்கு? ரெண்டு வருஷமும் பதினொரு மாசமும். கீழ பத்திரம் இருக்கு, எடுத்துப் பாக்கச் சொல்லுங்க."

அதிகாரி பத்திரத்தைத் தேடி எடுத்து வாசித்தார். முதல் தடவையாக நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"யார் அனுப்பிப் போனீர்கள்?"

"அரசாங்கம் அனுப்புச்சிங்க."

"எந்த அரசாங்கம்?"

"அப்ப இருந்த அரசாங்கம்."

"அது இப்போது இல்லை" என்றார் அதிகாரி. கிண்டலாகச் சொல்லவில்லை. ஒரு விவரத்தைச் சொல்வது போலச் சொன்னார். "எங்கே போனீர்கள், எதற்குப் போனீர்கள் என்பது என் கேள்வியில்லை. இங்கே இருந்தீர்களா இல்லையா என்பதுதான் கேள்வி."

"இல்லீங்க. நான் அங்க இருந்தேன்."

தாளைத் திருத்தி அடித்துக்கொண்டு வந்தார்கள். அதில் படையில் அவர் பார்த்த வேலையைக் கூலி என்று போட்டிருந்ததையும் பிளேன் ஃபிட்டர் என்று மாற்றச் சொன்னார். மாற்றினார்கள். கீழே கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். வரி வரியாக வாசித்தார். எல்லாம் உண்மை. போட்டார். தன் விண்ணப்பத்துக்குத் தானே கொள்ளி வைத்துவிட்டு, பேனையை மூடி மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

வெளி விறாந்தையில் அந்தக் கிளாக்கர் என் பின்னால் வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தெரிந்த தமிழில் சொன்னார்.

"நான் மறந்து வுட்டது இல்ல மிஸ்."

அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க என்னால் முடியவில்லை. முன்பின் தெரியாத ஒரு சிங்களவர் தன் வேலையைப் பணயம் வைத்து ஒரு கதவைத் திறந்து விட்டிருந்தார். எங்கள் ஆள் அதைத் திரும்பப் போய்ச் சாத்திவிட்டு வந்திருந்தார்.

பஸ்ஸில் அக்கா முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். நான் பேசினேன். பெரியவர், சின்னவள் என்ற மரியாதையெல்லாம் போய்விட்டது. உங்களுக்குப் பைத்தியமா, வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதுமாக இருந்ததே, பொய் சொல்லக்கூட வேண்டாமே என்று பஸ்ஸே கேட்கும்படி கேட்டேன். வத்தேகம தாண்டும்வரை பொறுத்திருந்தார். பிறகு அந்த உயராத குரலில் சொன்னார்.

"நான் என்னா திருடிட்டா போனேன் டீச்சர், ஒளிக்கிறதுக்கு? அங்க போனது குத்தம்னா அவுங்க சொல்லட்டும், அவுங்க எழுதட்டும். நான் போகலன்னு நானே சொல்லணுமா? அப்பிடிச் சொன்னா அந்த வேலைய நான் செய்யலன்னு ஆவுது."

அவர் சொன்னது சரி. சரியாக இருந்ததுதான் என்னை இன்னும் கொதிக்க வைத்தது.

மறுநாள் அக்கா கத்தியை எடுத்துக்கொண்டு போய், காய்க்கத் தொடங்கியிருந்த போஞ்சியில் ஒரு முழு வரிசையை அடியோடு வெட்டிச் சாய்த்தார். கொடி கம்பெல்லாம் ஓடைவரைக்கும் கிடந்தன. அவர் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தடுக்கவில்லை. அக்கா ஓய்ந்து உட்கார்ந்த பிறகு இறங்கி, உடையாத கம்புகளைப் பொறுக்கி அடுக்கினார்.

நிராகரிப்புக் கடிதம் மூன்று மாதத்தில் வந்தது. அந்தச் சரிவைக் குடிமக்களுக்குப் பிரித்துக் கொடுக்க நில அளவைக்காரர்கள் அடுத்த வருஷம் வந்தார்கள். அவர் கல் பொறுக்கித் திருத்திய மண் பன்விலையிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்குப் போயிற்று. அந்த வீட்டுக்காரர் மோசமான மனிதரல்ல. நீங்களே செய்யுங்கள், விளைச்சலில் பாதி தாருங்கள் என்றார். தன் தோட்டத்தில் தானே வாரக்குடியானார் அவர். ஒவ்வொரு கூடையையும் சரியாக இரண்டாகப் பிரித்து, நல்ல காய் ஒரு பக்கம் கூடிவிடாமல் பார்த்துக் கொடுப்பார். அதைப் பார்க்கச் சகிக்காமல் நான் அந்தப் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டேன்.

இன்னும் சில வருஷம் போனது. இரண்டு நாட்டுப் பிரதமர்களும் உட்கார்ந்து, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று எங்கள் சனங்களைப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். இந்தியாவுக்குப் போக விரும்புகிறவர்கள் படிவம் நிரப்ப வேண்டும். அன்று காய்ச்சலில் கிடந்த மூத்த மகளுக்கு அதற்குள் கல்யாணமாகிவிட்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் எழுதிக் கொடுத்து, அவளையும் கூட்டிக்கொண்டு கப்பலேறிவிட்டார்கள். விசாரணைக்குப் பிறகு பிறந்த சின்னவள் என்னிடம் மூன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள்.

அவரிடம் படிவத்தைக் கொடுத்தேன். இந்தியாவுக்குத் திரும்பிப் போக விரும்புகிறேன் என்று அதில் இருந்தது.

"திரும்புறதுன்னா, இருந்த எடத்துக்குத்தான திரும்ப முடியும்? நான் இந்தியாவுல இருந்தது அசாம்ல டீச்சர். அங்கயா அனுப்புவாங்க?" என்றார். "நான் பொறந்தது இங்க, பத்தாம் நம்பர் லயத்துல. நான் எப்படி இதுல போடுறது?"

அக்கா அன்று கத்தவில்லை. "அவரு உண்மையக் கட்டிக்கிட்டு இங்க இருக்கட்டும் டீச்சர். மூத்தவ அங்க இருக்கா. இவ நாடில்லாம வளர வேணாம். நாங்க போறோம்" என்றார்.

போவதும் சுலபமாக இல்லை. மனைவியின் விண்ணப்பம் புருஷனின் விண்ணப்பத்தோடுதான் போகுமாம். புருஷன் செத்திருக்க வேண்டும், அல்லது கைவிட்டுப் போயிருக்க வேண்டும் என்று கண்டியில் சொல்லி அனுப்பினார்கள். அங்கே ஒரு எழுத்துக்காரர் சத்தியக் கடதாசி தயாரித்துக் கொடுத்தார். என் மனைவியையும் மகளையும் நான் கைவிட்டுவிட்டேன், இனி அவர்கள்மேல் எனக்கு எந்த உரிமையும் இல்லை என்று அவர் எழுதிக் கொடுப்பதாக இருந்தது அது. அதை எடுத்துக்கொண்டு ஓடையோரத்துக்குப் போனேன். அதே மனிதரிடம்தான் இதைக் கொண்டு போகிறேன். இதிலும் போடமாட்டார், அக்காவுக்கும் பிள்ளைக்கும் இந்த வழியும் அடைபடப் போகிறது என்று நினைத்தேன். போடவில்லையென்றால் என்ன செய்வேன் என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனேன்.

கொட்டில் வாசலில் பலகைமேல் உட்கார்ந்து வாசித்தார். வழக்கம் போல ஒவ்வொரு வரியாக. அக்கா அடுப்படியிலிருந்து எழுந்து வந்து நின்றார். அவர் பேனையைக் கேட்டதும் அக்காவுக்கு என்ன வந்ததோ தெரியவில்லை.

"போடாதீங்க" என்றார். "எங்கள வுட்டுட்டுப் போனதா நீங்க எழுதிக் குடுக்க வேணாம். நாங்க போகல. கெடக்குறோம் இங்கயே."

அவர் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார்.

"இதுல பொய் எங்க புள்ள இருக்கு?" என்றார். "லயத்து வூடு போனது என்னால. காணி போனது என்னால. இவளுக்கு நாடில்லாமப் போனது என்னால. கைவுட்டவன்தான நான்."

போட்டார். மை காயும்வரை தாளைப் பிடித்துக்கொண்டிருந்தார். அக்கா அதை வாங்கவில்லை. நான்தான் வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தேன். 

அவர்கள் இந்தியாவுக்குக் கப்பல் பிடிக்கத் தலைமன்னாருக்கு ரயிலேறிய நாளில் கண்டி ஸ்டேசனில் நிற்க இடமில்லை. தோட்டம் தோட்டமாக வந்து நின்றார்கள். பெட்டிகள், பாய்ச்சுருட்டுகள், தகரப் பேணிகள். ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து அழுதார்கள். போகிறவர்களிடம் இருக்கிறவர்களெல்லாம் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். "அடுத்த மாசமே வந்துருவோம்." "பொங்கலுக்கு அங்க இருப்போம்." "நீ முன்னால போ, நான் பின்னாலயே வாறேன்." யாரும் வரப்போவதில்லை என்பது சொன்னவர்களுக்கும் தெரியும், கேட்டவர்களுக்கும் தெரியும்.

அவர் ஜன்னலுக்கு வெளியே நின்றார். அக்கா மறுபக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். முதுகு மட்டும் தெரிந்தது. சின்னவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து ஜன்னல்களில் நடப்பதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"அப்பா, நீங்க எந்த ரயில்ல வருவீங்க?"

"நான் வரலம்மா."

"அடுத்த மாசமா?"

"இல்லம்மா. அப்பா வரவே மாட்டேன்."

பிள்ளையின் முகம் அப்படியே உடைந்தது. அக்கா திரும்பி அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, ஜன்னல் வழியாக அவரை ஒரு பார்வை பார்த்தார். ரயில் நகர்ந்துவிட்டது. கடைசிப் பெட்டி வளைவில் மறையும்வரை அந்தப் பிள்ளை கத்தியது கேட்டது.

 அவர் முன்னால் போய் நின்றேன். "நீங்க மனுசன்தானா? எட்டு வயசுப் புள்ள. எல்லாரும் சொல்ற ஒரு பொய். அதச் சொன்னா உங்களுக்கு என்ன குறைஞ்சு போகும்?"

அவர் தண்டவாளத்தைப் பார்த்தபடியே நின்றார். நெற்றி சுருங்கவில்லை, நரம்பு புடைக்கவில்லை.

"வாறேன்னு சொன்னா, அவ பாத்துக்கிட்டே இருப்பா டீச்சர்."

 அன்று அவரோடு ஒரே பஸ்ஸில் மடுல்கெல்லைக்குத் திரும்ப என்னால் முடியவில்லை. அவரைப் போகவிட்டு, அடுத்த பஸ் வரும்வரை வெயிலில் நின்றேன்.